பகிர்வும் பங்கும்

ஒரு சொல், மக்களிடையே வழங்கிவந்த பொருளை இழந்து வேறொரு பொருளைத் தாங்கத் தொடங்கும்போது, அதனைக் கவனிக்கும் பொறுப்பு முதற்கண் இலக்கிய விமர்சகரைச் சாரும். சொற்கள் தாமாக மாறுவதில்லை. சமுதாய உறவுகள் மாறும்போது அவையும் மாறுகின்றன. இன்று நம் கண்முன் அவ்வாறு மாறிவரும் சொற்களுள் ஒன்று ‘பகிர்தல்’. தன்னிடம் உள்ளதைப் பிறரோடு பிரித்துக்கொள்வது என்பது அதன் பழைய பொருள். பகிர்ந்தவரிடம் சற்றுக் குறையும். பெற்றவரிடம் சற்றுக் கூடும். இன்றோ, முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் டிக்டொக்கிலும் ஒரு படத்தை விரலால் தொட்டுப் பிறர் பார்வைக்கு அனுப்புவதையே பகிர்தல் என்கிறோம். அனுப்பியவரிடம் எதுவும் குறைவதில்லை; பெற்றவரிடமும் பெரிதாக எதுவும் கூடுவதில்லை. கூடுவது மூன்றாவது ஒருவரிடம். அந்த மூன்றாமவர் யார், அவருக்காக நம் சிறு வியாபாரிகள் எத்தகைய மொழியை எழுதப் பழகிவிட்டார்கள் என்பனவே இங்கு நம் விசாரணைக்குரியவை.

சிறுகதையையும் நாவலையும் ஆராயும் ஏட்டில் இணையக் கடைகளின் விளம்பரத்துக்கு என்ன இடம் என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு எமது விடை எளியது. கவிதைத் தொகுதி ஒன்று நுழையாத வீட்டிலும் இந்த விற்பனைப் பதிவுகள் நுழைகின்றன, நாள்தோறும் வாசிக்கப்படுகின்றன. இவற்றுக்கெனத் தனி நடை உண்டு, மரபு உண்டு, வருணனை உண்டு, நாயகர்கள் உண்டு. மக்கள் வாசிப்பதை ஆராயாமல் மக்கள் இலக்கியம் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

பொதுப்படப் பேசுவதை விடுத்து ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே, புல்மோட்டை வீதியில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது நிலாவெளி. வெண்மணற் கரை, களப்பு, பனை, கடற்றொழில் என்பன அதன் அடையாளங்கள். தமிழரும் முஸ்லிம்களும் அயலவராக வாழ்ந்துவரும் பிரதேசம் அது. 1983க்குப் பின் போர் அதனைச் சிதைத்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எஞ்சியவற்றையும் அடித்துச் சென்றது. 2009இல் போர் முடிந்தபின் உல்லாசப் பயணம் அங்கு மீண்டும் வேர்கொண்டது. ஆனால் அந்த வருவாய் ஆண்டு முழுவதற்கும் உரியதன்று. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும், பயணிகள் வருவர். வடகீழ்ப் பருவக்காற்று எழுந்ததும் கடல் கொந்தளிக்கும், கரை வெறிச்சோடும். அரையாண்டு வருவாயைக் கொண்டு ஓராண்டு வாழவேண்டிய மக்களுக்கு, தொலைவிலுள்ள வாடிக்கையாளரைத் தேடிச் செல்ல ஒரு வழி தேவை. இரண்டு அறைகளை வாடகைக்கு விடுபவரும், படகில் பயணிகளை ஏற்றுபவரும், கருவாடு விற்பவரும், பனையோலைப் பெட்டி இழைப்பவரும் சமூக வலைத்தளங்களின் வாசலில் வந்து நிற்பதன் காரணம் இதுவே. அவர்களுடைய தேவை நியாயமானது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டே மேலே செல்லவேண்டும்.

இதே கிழக்குக் கரையில் பகிர்வுக்கு வேறோர் இலக்கணமும் உண்டு. கரைவலைத் தொழிலில், வலை வளைப்பதற்கென ஒதுக்கப்பட்ட கரைப்பகுதியைப் பாடு என்பர். வலையும் தோணியும் சம்மாட்டிக்கு உரியவை. இழுப்பது தொழிலாளரின் தோள். இழுத்து முடிந்தபின் கிடைத்த மீனின் பெறுமதி பங்குகளாகப் பிரிக்கப்படும். இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாகப் புனைவது எமது நோக்கமன்று. முதல் போட்டவரின் பங்கு பெரிது. இழுத்தவரின் பங்கு சிறிது. முற்பணம் வாங்கிய தொழிலாளி அக்கடனாலேயே ஒரே வலையோடு கட்டுண்டு கிடப்பதும் உண்டு. எனினும் ஓர் உண்மையை மறுக்க இயலாது. அந்தப் பிரிப்பு வெளிச்சத்தில், மணலில், எல்லார் கண்முன்னும் நடக்கிறது. மீன் எவ்வளவு என்பது இழுத்தவனுக்குத் தெரியும். தன் பங்கு குறைந்தால் சம்மாட்டியின் முகத்தைப் பார்த்துக் கேட்க அவனால் முடியும். கேட்டுச் சண்டையிட்டு வென்றும் இருக்கிறான், தோற்றும் இருக்கிறான். புதிய பகிர்வில் இல்லாதது இந்த வெளிச்சமே.

இனி, பதிவு என்னும் அந்த எழுத்தை இலக்கியமாகவே கொண்டு பார்ப்போம். நிலாவெளிப் பகுதியிற் பெண்ணொருத்தி பனையோலைப் பெட்டி இழைப்பதாகவும், அதனை ஒரு சிறு இணையக்கடை விற்பதாகவும் கொள்வோம். குருத்தோலையை வெட்டுவித்து, வெயிலிற் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக வார்ந்து, சாயமிட்டு, மீண்டும் காயவைத்து, அதன்பின்னரே இழைக்கத் தொடங்கவேண்டும். விரல் நுனியை ஓலை அறுக்கும். குனிந்திருந்து முதுகு வலிக்கும். இந்த உழைப்பு பதிவில் எப்படித் தோன்றுகிறது? வெள்ளைத் துணியின்மேல் ஒரு பெட்டி, பின்னணியில் நீலக்கடல். அங்கு கை இல்லை. பெயர் இல்லை. ‘பாரம்பரியக் கைவினை’ என்று எழுதப்பட்டிருக்கும். அந்தக் கை யாருடையது என்று எழுதப்பட்டிராது. நூற்றாண்டுகளின் பெருமை பேசப்படும். மூன்று நாள் உழைத்தவளின் கூலி பேசப்படாது. பழைய அரண்மனைக் கவிஞன் கோபுரத்தைப் பாடிக் கல் சுமந்தவனை விட்டுவிட்டான் என்று நாம் குறை கூறி வந்தோம். அந்தக் குறை ஒழியவில்லை. கைத்தொலைபேசிக்கு இடம் மாறியிருக்கிறது.

இரண்டாவதாக, விலை இல்லை. ‘விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்’ என்பது இன்று இலங்கை இணையக் கடைகளிற் பரவலாகக் காணப்படும் வாசகம். சந்தையில் விலையைக் கூவி விற்றவர்களின் பேரப்பிள்ளைகள் ஏன் விலையை மறைக்கிறார்கள்? வாங்க விரும்புபவர் கேள்வி கேட்டால் பதிவின்கீழ்க் கருத்துகள் பெருகும். பெருகினால் தளத்தின் இயந்திரம் அதனை மேலும் பலருக்குக் காட்டும் என்பது அவர்களின் கணக்கு. ஆளுக்கேற்ப விலை சொல்லும் வசதியும் அதில் உண்டு. விலை பொதுவெளியை விட்டு மறைவறைக்குச் சென்றுவிட்டால், செய்தவளுக்குத் தன் பொருள் என்ன விலைக்குப் போகிறது என்று தெரியாது. வாங்குபவருக்கு மற்றவர் என்ன கொடுத்தார் என்று தெரியாது. இருவருக்கும் இடையில் நிற்பவருக்கு மட்டுமே எல்லாம் தெரியும்.

மூன்றாவதாக, காலம் திரிக்கப்படுகிறது. ‘இன்று மட்டும்’, ‘இன்னும் மூன்றே உண்டு’ என்னும் அவசரம் எழுதி உண்டாக்கப்பட்டது. ஓலை காய எடுத்த காலம் பதிவிலிருந்து நீங்கி, வாங்குபவரின் பதற்றம் அந்த இடத்தை நிரப்புகிறது. இதனோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துவிட்டது: ‘இப்பதிவைப் பகிர்ந்து, உங்கள் நண்பர் மூவரின் பெயரைக் குறிப்பிடுங்கள், பரிசை வெல்லுங்கள்.’ நட்பு இங்கே கூலியில்லாத தரகு வேலையாகிறது. நண்பனின் பெயரைச் சொல்வது அவனை அழைப்பதற்காக அல்ல, எண்ணிக்கையை உயர்த்துவதற்காக.

பொருளுக்கு நேர்ந்த கதியே ஊருக்கும் நேர்கிறது. நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. மாடப்புறாக்கள் இனம் பெருக்கும் இடம் என்பதால் 1963இல் சரணாலயமாகவும், பவளப்பாறைகளின் பொருட்டு 2003இல் தேசியப் பூங்காவாகவும் அது பிரகடனம் செய்யப்பட்டது. இன்று அத்தீவு ஒவ்வொரு விடுதியின் பதிவிலும் முகப்புப் படம். ‘எவர் காலும் படாத கடற்கரை’ என்று அதனருகே எழுதுகிறார்கள். எத்தனையோ தலைமுறைகளாக மீனவரின் கால் படிந்த மணல் அது. கரைவலை இழுக்க நீண்ட வெறுங்கரை வேண்டும். விடுதிக்கும் அதே கரை வேண்டும். இந்த முரண்பாட்டைப் படம் மிக எளிதாகத் தீர்த்துவிடுகிறது: தோணியையும் வலையையும் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது. படத்தில் இல்லாதவருக்குக் கரையிலும் உரிமை இல்லை என்று எண்ணுவதற்குப் பார்ப்பவர் பழக்கப்படுகிறார். படத்தைப் பார்த்து வருவோரின் தொகை பெருகப் பெருக, ஆழங்குறைந்த நீரிற் பவளத்தின்மேல் மிதித்து நிற்கும் கால்களும் பெருகுகின்றன. பகிர்வு தான் புகழ்ந்த பொருளையே தேய்க்கிறது.

இங்கு எம்மை மிகவும் உறுத்துவது ஒரு சொல்லின் நிலை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்கள் தேசிய இலக்கியம் பற்றி வாதித்தபோது ‘மண்வாசனை’ என்னும் சொல்லை முன்வைத்தனர். இந்த மண்ணில் வாழும் உழைப்பாளியின் பேச்சும் பிரச்சினையும் போராட்டமும் எழுத்தில் இடம்பெறவேண்டும் என்பதே அச்சொல்லின் உள்ளடக்கம். இன்று அதே சொல் மிளகாய்த்தூள் பொதியிலும் கருவாட்டுப் பதிவிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. வாசனை எஞ்சியிருக்கிறது, மண்ணில் உழைத்த மனிதனைக் காணவில்லை. எமது விமர்சனச் சொற்கள் சந்தையிற் சரக்காகும்போது அவற்றை மீட்பதும் எமது வேலையே.

இவ்வளவும் எழுதும் சிறு வியாபாரியின் கெட்ட எண்ணத்தால் விளைந்தவை என்று கருதுவது பெரும்பிழை. எந்த நடையும் அதற்குக் கூலி கொடுக்கும் ஏற்பாட்டிலிருந்தே பிறக்கிறது. 2004இல் தொடங்கப்பட்ட முகநூல், 2012இல் இன்ஸ்டகிராமையும் 2014இல் வாட்ஸ்அப்பையும் விலைக்கு வாங்கியது. இன்று மெட்டா என்னும் பெயரில் ஒரே முதலாளியாக நிற்கிறது. 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் வருவாய் 16,400 கோடி டொலருக்கு மேல். அதில் ஏறத்தாழ 16,000 கோடி டொலர் விளம்பரத்தாற் கிடைத்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேற்பட்ட பங்கு விளம்பரமாக இருக்கும்போது, அத்தளத்தை மக்கள் கூடிப் பேசும் மடம் என்று அழைப்பது பொருந்துமா? அங்கு விற்கப்படும் முதற்சரக்கு பனையோலைப் பெட்டியன்று; பார்ப்பவரின் கவனம். முதலில் கடைக்காரரை இலவசமாக அழைத்தார்கள். அவர்கள் தம் வாடிக்கையாளரையும் உறவினரையும் அழைத்துவந்து நிரப்பினார்கள். 2018 ஜனவரியில், நண்பர், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முதலிடம், வணிகப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகவே காட்டப்படும் என்று முகநூல் அறிவித்தது. தாமே கூட்டிவந்த வாடிக்கையாளருக்குத் தம் பதிவைக் காட்டுவதற்குக் கடைக்காரர் காசு கட்டவேண்டிய நிலை அதனால் இறுகியது. கொழும்பிற் பெருநிறுவனத்துக்கு அந்தக் காசு பொருட்டன்று. கடன் அட்டையே இல்லாத ஓலைத்தொழிற் பெண்ணுக்கோ அந்தக் கதவு மூடப்பட்டதற்குச் சமம். காசு இல்லாதவர், காசின்றிக் கவனத்தைக் கவரும் நடையைத் தேடுகிறார். விலையை மறைப்பதும் அவசரம் உண்டாக்குவதும் நண்பர் பெயரைக் கேட்பதும் அவ்வாறு பிறந்த உத்திகளே.

இடைத்தரகரிடமிருந்து தப்பவே இணையத்துக்கு வந்தோம் என்கிறார்கள். அந்த நம்பிக்கையிற் பாதி உண்மை உண்டு. திருகோணமலைக்கு வெளியே காலடி வைக்காத ஒருவர் ரொறன்ரோவில் உள்ளவரோடு நேரே பேசுகிறார். அது அற்பமான காரியமன்று. ஆயினும் தரகர் மறைந்துவிடவில்லை. விடுதி அறைகளைப் பதிவு செய்து தரும் பன்னாட்டுத் தளங்கள் பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து அளவிற் பங்கு எடுக்கின்றன. கைவினைஞரின் சந்தை எனப் பெயர்பெற்ற எட்ஸி என்னும் அமெரிக்கத் தளம், 2022 ஏப்ரலில், விற்பனைக் கட்டணத்தை நூற்றுக்கு 5இலிருந்து 6.5 ஆக உயர்த்தியது. ஆயிரக்கணக்கான சிறு விற்பனையாளர்கள் அம்மாதம் 11ஆம் திகதி முதல் 18ஆம் திகதி வரை தம் கடைகளை மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டணம் குறைக்கப்படவில்லை. ஆனால் ஒருவரையொருவர் நேரிற் காணாதவர்கள் தாம் ஒரே வர்க்கம் என்று உணர்ந்து ஒன்றாகக் கதவடைத்தமை சிறு செய்தியன்று.

கட்டணத்தைவிடப் பெரிய ஆபத்து, நிலம் பிறருடையது என்பதே. பிறர் காணியிற் கட்டிய கொட்டிலை எப்போது வேண்டுமாயினும் பிடுங்கலாம். ஒரு காலத்தில் இந்திய இளைஞர்கள் திரண்டிருந்த ஓர்குட் தளம் 2014 செப்டம்பர் 30ஆம் திகதி மூடப்பட்டது. 2020 ஜூன் 29ஆம் திகதி இந்திய அரசு டிக்டொக்கைத் தடைசெய்தபோது, தமிழ்நாட்டிற் சிறு கலைஞரும் சிறு வியாபாரிகளும் சேர்த்திருந்த பார்வையாளர் ஓரிரவிற் கலைந்தனர். 2021 அக்டோபர் 4ஆம் திகதி, மெட்டாவின் தளங்கள் அனைத்தும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகெங்கும் செயலிழந்தன. இலங்கையில் 2018 மார்ச்சிலும், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் 2019 ஏப்ரலிலும், மக்கள் கிளர்ச்சியின்போது 2022 ஏப்ரல் 3ஆம் திகதியிலும் அரசு சமூக வலைத்தளங்களை முடக்கியது. முடக்கப்பட்ட ஒவ்வொரு நாளும் அத்தளங்களை மட்டுமே நம்பியிருந்த கடைகளுக்குக் கதவடைப்பு நாள். முதலாளியும் அரசும் சாவியை மாற்றி மாற்றி வைத்திருக்கும் கடையை எமது கடை என்று எவ்வாறு சொல்வது?

2018 மார்ச்சின் முடக்கத்துக்குப் பின்னால் இருந்த காரணம் இவ்விசாரணையின் மையத்துக்கே எம்மை இட்டுச் செல்கிறது. அவ்வாண்டு பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்திற் கருத்தடை மருந்து கலந்த உணவு தரப்படுகிறது என்னும் பொய், ஒரு காணொளியோடு முகநூலிற் பரவியது. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. சில நாட்களில் திகனையிலும் கண்டியின் பிற பகுதிகளிலும் வன்முறை மூண்டது. அந்த வன்முறையில் தன் தளம் ஆற்றிய பங்குக்காக 2020 மே மாதத்தில் முகநூல் மன்னிப்புக் கேட்டது. கருகிய கடைக்கு மன்னிப்பு கூரையாகாது. ஒரு கடைக்கு வாடிக்கையாளரைக் கூட்டும் அதே பொத்தான், இன்னொரு கடைக்குத் தீவைக்கும் கூட்டத்தையும் கூட்டியது. இரண்டையும் இயந்திரம் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. எது அதிகம் பார்க்கப்படுகிறதோ அதனை மேலும் காட்டுகிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையிற் கூடும் திருகோணமலை மாவட்டத்துக்கு இது தொலைதூரச் செய்தியன்று. பதற்றத்தைத் தூண்டி ஒரு பெட்டியை விற்கப் பழகிய நடைக்கும், பதற்றத்தைத் தூண்டி ஒரு வதந்தியை விற்கும் நடைக்கும் இடையே உள்ள தூரம் நாம் எண்ணுவதைவிடக் குறைவு.

அப்படியாயின் ஏழை வியாபாரி என்ன செய்வது? தளங்களைப் புறக்கணிக்கச் சொல்வது வயிறு நிறைந்தவரின் உபதேசம். விற்பது இழிவு என்று கருதுவோரும் முற்போக்காளர் அல்லர். 1966 ஆகஸ்டில் டொமினிக் ஜீவா ‘மல்லிகை’யைத் தொடங்கினார். தம் சலூனின் ஒரு மூலையையே அலுவலகமாக்கி, இதழ்களைக் கையிற் சுமந்து யாழ்ப்பாணத் தெருக்களில் நடந்து விற்றார். அதுவும் விளம்பரமே, அதுவும் விற்பனையே. ஆனால் விற்றவரின் முகம் தெரிந்தது. இதழின் விலை அட்டையிலேயே இருந்தது. வாங்கியவரின் பெயரும் முகவரியும் ஜீவாவிடம் இருந்தன, எந்தப் பன்னாட்டு நிறுவனத்திடமும் அல்ல. இந்த மூன்றையும் இன்றைய இணையக் கடைக்கு மீட்டுக்கொடுக்க முடியும்.

முதலாவது, எழுத்து. செய்தவர் உடன்பட்டால் அவர் பெயரைப் பதிவில் எழுதுக; எத்தனை நாள் உழைப்பு என்று எழுதுக; விலையை எழுதுக; அவ்விலையிற் செய்தவருக்குச் சேரும் பங்கு எவ்வளவு என்றும் எழுதுக. யதார்த்தவாதம் நாவலுக்கு மட்டும் உரிய நெறியன்று. நான்கு வரி விளம்பரத்துக்கும் உரியது. இரண்டாவது, முகவரி. தளங்களை வீதியாகக் கொள்க, வீடாகக் கொள்ளற்க. வீதியிற் கண்ட வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும், அவர் சம்மதத்தோடு, தம் சொந்தக் கொப்பியில் எழுதி வைத்திருப்பவரின் தொழில், தளம் மூடிய மறுநாளும் நடக்கும். மூன்றாவது, கூட்டு. தனித்தனியே பத்துப் பேர் விளம்பரத்துக்குக் காசு கட்டுவதைவிட, பத்துப் பேரும் சேர்ந்து சொந்தமாக ஓர் இணையத்தளம் வைத்துக் கணக்கை எல்லார் கண்முன்னும் வைப்பது மேல். 1957இல் பிலிப் குணவர்த்தனா அமைச்சராயிருந்தபோது உருவான பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை அனுபவித்த நாடு இது. அச்சங்கங்களைக் கட்சி அரசியலும் ஊழலும் பல இடங்களிற் கெடுத்தன என்பதை மறைக்கவேண்டியதில்லை. கெடுத்தவற்றை நீக்கி அந்த அனுபவத்தைப் புதிய கருவியோடு சேர்ப்பதே அறிவுடைமை.

இவை நிறைவேறினால் மெட்டாவின் ஆதிக்கம் வீழ்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. அதற்குச் சட்டமும், எல்லை கடந்த அரசியல் இயக்கமும் வேண்டும். ஆனால் ஓலை இழைக்கும் பெண் தன் பங்கை அறிவாள், அறிந்தால் கேட்பாள். அந்த அளவுக்குக் கரைவலையின் வெளிச்சம் திரும்பக் கிடைக்கும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் தெளிவான வேலை இருக்கிறது. வகுப்பறையிற் செய்யுளுக்கு நயம் கேட்கும் நேரத்தில் ஒருநாள் ஒரு விற்பனைப் பதிவையும் கரும்பலகையில் எழுதுங்கள். இதில் யார் இருக்கிறார், யார் இல்லை, எது மறைக்கப்பட்டிருக்கிறது, இதனைப் பகிர்ந்தால் யாருக்கு லாபம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஊரில் கடை நடத்தும் ஒரு தாய்க்கு நேர்மையான நான்கு வரிகளை எழுதிக்கொடுங்கள். அயலவரின் கடையைப் பற்றி வரும் எந்தச் செய்தியையும் உண்மை அறியாமற் பகிர மறுங்கள். பங்கு தெரியாத பகிர்வைக் கேள்வி கேட்கும் பழக்கம் அங்கிருந்தே தொடங்கட்டும்.